கெட்டிக்காரிக்கு ஆறு சொற்கள்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பத்தொன்பது வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிவரை நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. பத்தே முக்காலுக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில், பதினோரு குடும்பத்தார் சாட்சியாக, சட்டப்படி உயிரை விட்டது.

ஒரு மொழியை அரைகுறையாகத் தெரிந்தவனைப் போல ஆபத்தானவன் கிடையாது. தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நன்றாகத் தெரிந்தவன் நாலு வரியில் முடித்துவிடுவான். அரைகுறைதான் நாலு பக்கம் எழுதுவான். நான் எழுதியது நாலு பக்கம். (அதற்குமேல் காகிதம் இல்லை. இருந்திருந்தால் எங்கள் எல்லோரையும் ஜெயிலில் போட்டிருப்பார்கள்.)

பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. மொரிஷியசின் தெற்குக் கரையில், சுயாக் பட்டணத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் எங்கள் கிராமம். எஸ்டேட்காரர்கள் தங்களுக்கு வேண்டாத கல்லுக்காடுகளைத் துண்டு போட்டு விற்றபோது, எங்கள் ஊரில் பதினோரு குடும்பங்கள் ஆளுக்கு இரண்டு மூன்று ஆர்பாங் (ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) வாங்கினார்கள். கல்லைப் பொறுக்கிக் குவித்துவிட்டு, மிச்சமிருந்த மண்ணில் கரும்பு நட்டார்கள். கரும்பும், கல்லைப் பார்த்துப் பயப்படாமல், நன்றாகவே வந்தது.

என் அக்கா வள்ளியம்மாவுக்கு மூன்று ஆர்பாங். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அத்தான் காய்ச்சலில் போனதும், அழுது முடித்த மறுவாரமே கயிறு பிடித்து வரிசை பார்த்துக் கரும்பு நட்டவள். அந்த வரிசைகளைப் பார்க்க ஆலையிலிருந்து வெள்ளைக்கார முசியே (துரையை அப்படித்தான் சொல்வோம்) ஒருவர் குதிரையை நிறுத்தி இறங்கியிருக்கிறார். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊரில் யாருக்கு எது வந்தாலும், "வள்ளியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்பார்கள்.

எங்கள் நிலத்துக்கும் ஆலைக்கும் நடுவே எஸ்டேட் நிலம் ஒரு பட்டையாகக் கிடந்தது. அதன் குறுக்கே ஒரு வண்டிப்பாதை. நிலத்தை வாங்கிய நாளிலிருந்து எங்கள் வண்டிகள் அதில்தான் போய் வந்தன. அந்த வருஷம் எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த மேனேஜர் பாதையில் ஒரு கதவு வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். கேட்கப் போனவர்களிடம், "நீங்கள் புத்தியில்லாத ஜனங்கள். என் இளங்கரும்பை மிதிப்பீர்கள், விளைந்த கரும்பைத் திருடுவீர்கள்" என்றாராம்.

ஆற்றைச் சுற்றிப் போக இன்னொரு வழி உண்டு. அதில் ஒரு வண்டிக்கு நாளைக்கு ஒரு நடைதான் ஆகும். கரும்போ வெட்டியபின் காத்திருக்காது. இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், ஆலையில் தொடமாட்டார்கள். வெட்டு ஆரம்பிக்க மூன்று வாரம் இருந்தது.

அக்கா வீட்டில் எல்லோரும் கூடினார்கள். மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஒரு மனு எழுதுவது என்று முடிவாயிற்று. மாஜிஸ்ட்ரேட் இங்கிலீஷ்காரர். பதினோரு தலைகளும் என் பக்கம் திரும்பின. பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு நான் உதவி வாத்தியார். ஊரில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான்.

"எங்களுக்குப் புத்தியில்லேன்னு சொன்னானில்ல?" என்றாள் அக்கா. "நாங்க கெட்டிக்காரங்கன்னு நல்லா எழுது தம்பி. படிக்கிற மனுஷனுக்கு மனசுல பதியணும்."

நான் தலையாட்டினேன். இந்தத் தலையாட்டலுக்கு நான் இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அலமாரியைக் காலி செய்தபோது கேட்டு வாங்கிக்கொண்டது. ஒரு இங்கிலீஷ் சொல்லைத் தேடினால், அதே அர்த்தமுள்ள மற்ற சொற்களைப் பெரிய எழுத்தில் வரிசையாகக் கொடுத்திருக்கும். அதற்குக் கீழே, எந்தச் சொல்லை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்று பொடி எழுத்தில் ஒரு பாரா இருக்கும். பொடி எழுத்தை நான் படித்ததில்லை. அது புரியாதவர்களுக்காகப் போட்டது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தலைமை ஆசிரியர் வேறு ஒரு விதி வைத்திருந்தார். ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் இரண்டு தடவை எழுதுகிறவன், ஒரே சட்டையை இரண்டு நாள் போடுகிறவனுக்குச் சமம். (என்னிடம் இருந்ததே இரண்டு சட்டை. அதனால் எழுத்திலாவது தாராளமாக இருந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.)

கெட்டிக்காரனுக்கு இங்கிலீஷில் கிளெவர். இது எனக்குத் தெரியும். ஆனால் மனுவில் அது பதினைந்து இடத்தில் வேண்டியிருந்தது. புத்தகத்தைத் திறந்தேன். கன்னிங், கிராஃப்டி, ஸ்லை, ஆர்ட்ஃபுல், டிசைனிங் என்று அள்ளிக் கொடுத்தது. கோயில் வகுப்பில் நான் நிகண்டு படித்தவன். களிறு, வேழம், கரி, எதைச் சொன்னாலும் யானைதானே? அப்படித்தான் இதுவும் என்று முடிவு கட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன் என்று நினைக்காதீர்கள். யோசித்தேன். யோசித்ததுதான் வினை. கிராஃப்ட் என்றால் கைத்தொழில், ஆகவே கிராஃப்டி என்றால் தொழில் தெரிந்தவன். ஆர்ட் என்றால் கலை, ஆர்ட்ஃபுல் என்றால் உடம்பெல்லாம் கலை. டிசைன் என்றால் வடிவம் போடுவது. கயிறு பிடித்து வரிசை போட்ட என் அக்காவை டிசைனிங் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது? கன்னிங், ஸ்லை இரண்டுக்கும் காரணம் கிடைக்கவில்லை. தீவில் எல்லோரும் பேசுகிற, பிரெஞ்சில் பிறந்த கிரியோலில் 'மலேங்' என்போமே, அதுவாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மலேங் என்றால் கெட்டிக்காரன். (தந்திரக்காரனுக்கும் அதே சொல்தான். அந்தப் பாதி அப்போது என் நினைவுக்கு வரவில்லை.)

நாலு பக்கம் முடிந்தபோது அழகில் எனக்கே கண் கலங்கியது. பாதை, பூட்டு, சங்கிலி ஆகிய சில்லறை விஷயங்களை நாலாவது பக்கத்தின் அடியில் எழுதினேன். இடம் போதாமல் கடைசி வரி எறும்பு ஊர்ந்தது போல ஆனது. பதினோரு பேரும் கட்டைவிரல் வைத்தார்கள். தபாலில் போட்டோம்.

இரண்டாவது வாரக் கடைசியில், எங்கள் ஊர்ச் சீனர் மளிகைக் கடை வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். மனு கொடுத்த அத்தனை பேரும் செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்துக்கு வரவேண்டும் என்று சம்மன். ஊரே பூரித்துப்போனது.

"ஒருத்தனை வரச் சொன்னா போதாதா? எல்லாரையும் பாக்கணும்னு ஆசைப்படறாரு" என்றார் வீராசாமி மாமா. வண்டிக்காரர், எங்களில் வயதில் பெரியவர். "இங்கிலீஷோட பலத்தைப் பாத்தியா!" என்று என் முதுகில் அறைந்தார். அந்தச் சந்தோஷத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை முன்னாலேயே சொல்லிவிடவேண்டும். கதவு எப்படியும் திறந்துவிடும் என்று, திங்கட்கிழமையே தன் கரும்பில் ஒரு பகுதியை வெட்டிப் போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வெளுத்த வேட்டி, தலைப்பாகைகளோடு புறப்பட்டோம். மாஜிஸ்ட்ரேட்டுக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு சாமந்தி மாலையும் இருந்தன. பழத்தை வாசல் காவலர் வாங்கி வைத்துக்கொண்டார். மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நானே கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். நடந்தது முழுவதையும் அந்த மாலையோடுதான் அனுபவித்தேன்.

மாஜிஸ்ட்ரேட் ஒல்லியான, சோர்ந்த முகமுள்ள மனிதர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நின்றார். கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, திருத்தமான தமிழ்.

"இதை எழுதியது யார்?" என்று கேட்டார் மாஜிஸ்ட்ரேட்.

மாலையோடு எழுந்து நின்றேன். பாராட்டு வரப்போகிறது என்று முகத்தைப் பணிவாக வைத்துக்கொண்டேன்.

"மனு கொடுத்தவர்களுக்கு இதில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியுமா?"

"தெரியும் ஐயா. ஒவ்வொரு சொல்லும் தெரியும்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தமிழில் படித்துக் காட்டுங்கள்" என்று காகிதத்தை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயிலில் பாராயணம் செய்கிறவர் போலக் கணீரென்று ஆரம்பித்தார்.

"'இவ்வூரின் வஞ்சகக் குடியானவர்களாகிய நாங்கள், கனம் பொருந்திய தங்களை வணங்கித் தெரிவித்துக்கொள்வது...'"

நிறுத்தி, காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். கன்னிங் என்று என் அழகான கையெழுத்தில் தெளிவாக இருந்தது. தொடர்ந்தார்.

"'எங்களது கள்ளத்தனம் இன்று நேற்று வந்ததன்று. எங்கள் தகப்பன்மார் கப்பலேறியபோதே உடன் கொண்டுவந்தது.'"

"எங்கப்பனையாடா சொல்லியிருக்கே?" என்றார் வீராசாமி மாமா, சத்தமாகவே. காவலர் அவரை அதட்டினார்.

"'எங்கள் பிள்ளைகளுக்கும் இளம் வயதிலேயே தந்திரம் பழக்குகிறோம். எங்களுக்குத் தலைமை தாங்குபவள் வள்ளியம்மா என்னும் விதவை. கபடம் நிறைந்தவள். இந்த மாவட்டத்தில் இவளைப் போன்ற சூழ்ச்சிக்காரி இல்லை. ஆலை முசியே ஒருவரே இவளுடைய சூழ்ச்சியை நேரில் கண்டு வியந்து குதிரையை விட்டு இறங்கினார்.'"

கடைசிப் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். கையிலிருந்த மாலையில் ஒவ்வொரு பூவாகப் பிய்த்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

"'கதவைத் திறந்துவிட்டால், எங்கள் கள்ளத்தனம் முழுவதையும் நாங்கள் காட்டுவோம் என்று இதனால் உறுதி கூறுகிறோம்.'"

மாஜிஸ்ட்ரேட் மேஜைமேல் இன்னொரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். "இது எஸ்டேட் மேனேஜர் எழுதியது. நீங்கள் திருடர்கள் என்று சொல்கிறார். ஆதாரம் கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் உங்கள் மனு வந்துவிட்டது."

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "நீ என்னடா எழுதினே?"

"கெட்டிக்காரின்னு எழுதினேன்கா."

"அவரு படிச்சது அப்படி இல்லையே."

"ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாதுன்னு... ஆறு விதமா எழுதினேன்."

மாஜிஸ்ட்ரேட்டுக்கும் சந்தேகம் வந்திருக்கவேண்டும். "நீ மனதில் நினைத்த சொல் எது?" என்று என்னைக் கேட்டார். இங்கிலீஷ் என்னைக் கைவிட்டுப் போய்விட்டிருந்தது. "மலேங்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு, மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். மொழிபெயர்ப்பாளர்தான் தன் கௌரவத்தை விடாமல், கிரியோலில் அந்தச் சொல் நல்லவனுக்கும் உண்டு கெட்டவனுக்கும் உண்டு, பையன் எல்லாம் ஒன்றென்று எண்ணிவிட்டான் என்று எடுத்துச் சொன்னார். பையன் என்று அவர் சொன்னபோது, உதவி வாத்தியாராகிய நான் ஆட்சேபிக்கவில்லை.

அப்போது அக்கா எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல், நேராக மாஜிஸ்ட்ரேட்டிடம் கிரியோலில் பேசினாள்.

"முசியே, மோ பா கோன் ஆங்லே." எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்றாள். "என் தம்பிக்கும் தெரியாதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது. ஆனா என்கிட்ட ஒரு பேப்பர் இருக்கு."

மடியிலிருந்து துணி முடிச்சை அவிழ்த்து, நோட்டரி எழுதிக் கொடுத்த நிலப் பத்திரத்தை எடுத்து நீட்டினாள். அது பிரெஞ்சில் இருந்தது. மாஜிஸ்ட்ரேட் இரண்டு தடவை படித்தார். நிலம் வாங்கினவர்களுக்கு அந்தப் பாதையில் வண்டி ஓட்ட உரிமை உண்டு என்று அதில் ஒரே வாக்கியத்தில், ஒரு அலங்காரமும் இல்லாமல் எழுதியிருந்தது.

"இதை ஏன் மனுவில் சொல்லவில்லை?"

"சொல்லியிருக்கிறேன் ஐயா. நாலாவது பக்கம், கடைசி வரி" என்றேன்.

அவர் எறும்பு வரிசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மேலும் ஒரு பத்திரமும் உள்ளது" என்பதைக் கண்டுபிடிக்க அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

பத்திரம் சரி, ஆனால் மனு கொடுத்தவர்களே குற்றத்தை ஒப்புக்கொள்கிற மனுவின்மேல் உத்தரவு போட முடியாது, அடுத்த வாரம் வேறு மனு கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் வெளியே வந்தோம். வீராசாமி மாமா படியில் உட்கார்ந்து, "வெட்டிப் போட்டது கிடக்குதே" என்று மட்டும் சொன்னார்.

அந்த முகத்தைப் பார்த்தேன். ஓடிப்போய் ஆற்றில் விழலாம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவன், திரும்பி உள்ளே போனேன். மொழிபெயர்ப்பாளர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, காகிதம் வேணும். இன்னிக்கே எழுதித் தர்றேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு பக்கமா?"

"இல்லை ஐயா."

"ஒரே தாள்தான் தருவேன்" என்று ஒரு தாளும் பேனாவும் மையும் கொடுத்தார். "மாஜிஸ்ட்ரேட் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் புறப்படுவார். அதற்கு முன்னால்."

படியில் உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் சொல்றேன், நீ எழுது" என்றாள். நிலம் எப்போது வாங்கியது, பாதை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, கதவு எந்த மாதம் வைத்தது, கரும்பு எத்தனை நாள் தாங்கும். அவள் சொன்னதில் எனக்குத் தெரியாத இங்கிலீஷ் ஒன்றுகூட இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நாம கெட்டிக்காரங்கன்னு..." என்று இழுத்தேன்.

"நம்ம புத்தியைப் பத்தி ஒண்ணும் எழுதாதே. கரும்பைப் பத்தி எழுது."

"ஒரே ஒரு தடவைக்கா. சரியான சொல்லா. உன்னை அங்க அப்படிப் படிச்சாங்களே, அதை அப்படியே விட்டுட்டுப் போக என்னால முடியாது."

"ஒரே தடவை" என்றாள். "நல்லா யோசிச்சிட்டு எழுது."

கடைசியில், இந்த விஷயங்களைச் சொன்னவர் வள்ளியம்மா, மூன்று ஆர்பாங் கரும்பு பயிரிடும் கிளெவர் பெண்மணி என்று எழுதினேன். என் வாழ்க்கையில் ஒரு சொல்லை அவ்வளவு பயந்து எழுதியதில்லை.

ஒன்றரை மணிக்கு மாஜிஸ்ட்ரேட் அதைப் படித்தார். கடைசி வரியில் ஒரு கணம் நின்று, அக்காவைப் பார்த்துத் தலையை லேசாகச் சாய்த்தார். எஸ்டேட்டுக்கு அன்று மாலையே உத்தரவு போனது. புதன்கிழமை காலை சங்கிலி இல்லை. கதவை ஒரு கல் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள்.

அக்கா அன்றே வெட்ட ஆரம்பித்தாள். வீராசாமி மாமாவின் கரும்பு மட்டும், அவசரப்பட்டு வெட்டியது, வெயிலில் கிடந்து வண்டியேறுவதற்குள் பாதி புளித்துவிட்டது. ஆலையில் திருப்பி அனுப்பினார்கள். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அந்த வெட்டு முடிகிறவரை, பள்ளிக்கூடம் இல்லாத எல்லா நாளும் அவர் நிலத்தில் போய் வெட்டினேன், கட்டினேன், ஏற்றினேன். முதல் ஒரு மாதம் அவர் மாட்டோடு மட்டும் பேசினார். பிறகு ஒரு சனிக்கிழமை, தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நீட்டி, "குடிடா கள்ளப்பயலே" என்றார். வாங்கிக் குடித்தேன்.

ராத்திரிகளில் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து, பொடி எழுத்தை மட்டும் படித்தேன். முழுப் புத்தகம். நாலு மாதம் ஆயிற்று. பின்னாளில் நான் இங்கிலீஷ் வாத்தியார் ஆனதற்கும், முப்பது வருஷம் அந்த வேலையில் இருந்ததற்கும் அந்தப் பொடி எழுத்துதான் காரணம்.

ஆனால் வீட்டில் என் இங்கிலீஷுக்கு மரியாதை திரும்பவேயில்லை. அதைவிட மோசம், அந்த மனுவின் சொற்கள் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டன. பரீட்சையில் பாஸ் செய்த பிள்ளையை "கள்ளா!" என்று கொஞ்சுவார்கள். யாராவது ருசியாகச் சமைத்தால் "கபடம் நெறைஞ்ச கை" என்பார்கள். அக்கா எல்லோரையும்விட அதிகம். அதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம்.

பல வருஷம் கழித்து, என் மூத்த மகளைப் பெண் பார்க்க வடக்கே குட்லண்ட்ஸ் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். வடை, காப்பி, எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பையனின் தாயார், "பொண்ணு குணம் எப்படிங்க?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா, மகளின் தலையைத் தடவிக்கொண்டே, மனம் நிறைந்து சொன்னாள்:

"எங்க வீட்டிலேயே பெரிய சூழ்ச்சிக்காரி இவதாங்க."

வாய்க்குப் போன வடை பாதி வழியில் நின்றது. பையன் தன் தகப்பனாரைப் பார்த்தான். என் மனைவி என்னைப் பார்த்தாள், உன்னால் வந்தது நீயே பார்த்துக்கொள் என்கிற பார்வை. நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, மனுவில் ஆரம்பித்துச் சாமந்தி மாலைவரை எல்லாவற்றையும், பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதாயிற்று. முடித்தபோது பையனின் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டில ஆம்பளைங்க எல்லாம் அப்பாவிங்க" என்றார். "ஒரு சூழ்ச்சிக்காரி வந்தா நல்லதுதான். தேதி வெச்சிடலாமா?"

கல்யாணப் பத்திரிகையை யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, இரண்டு வீட்டாரும் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்து, "நீங்க வேண்டாம்" என்றார்கள்.